கடற்கரைக்குப் பக்கத்திலேயே ஒரு கடல்

ஜப்பானின் தெற்கே கியூஷு தீவு. அதன் கிழக்குக் கரையில் மியாசாகி என்று ஒரு ஊர். எதிரே பசிபிக் பெருங்கடல். நல்ல அலை வருகிற ஊர் என்று சர்ஃபிங் (அலைச்சறுக்கு) ஆட்களிடம் பெயர் வாங்கியது. பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், நிஜக் கடலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், 1993ல் ஒரு செயற்கைக் கடலைக் கட்டினார்கள். அதுவும் கூரை போட்டு! பெயர் ஓஷன் டோம்.

நீளம் 300 மீட்டர், அகலம் 100 மீட்டர். உள்ளே காற்று எப்போதும் 30 டிகிரி, தண்ணீர் 28 டிகிரி. பளிங்குக் கல்லைப் பொடியாக்கிக் கொட்டிய வெள்ளை மணல். நெருப்பு கக்குகிற பொம்மை எரிமலை ஒன்று. வெயில் நன்றாக அடித்தால் கூரை திறந்துகொள்ளும், மழை என்றால் மூடிக்கொள்ளும். தண்ணீரில் உப்பு கிடையாது, ஜெல்லி மீன் கிடையாது. உலகத்திலேயே பெரிய உள்ளரங்க நீர்ப் பூங்கா என்று கின்னஸிலும் பெயர் வந்தது.

பக்கத்தில் ஓசியில் கிடைக்கிற கடலை விட்டுவிட்டு டிக்கெட் வாங்கி யார் உள்ளே போவார்கள்? நமக்கு உடனே தோன்றுகிற கேள்வி இது. அங்கே பணம் போட்டவர்களுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

1960களிலும் 70களிலும் ஜப்பானியப் புதுமணத் தம்பதிகள் தேனிலவுக்குக் கூட்டம் கூட்டமாக மியாசாகிக்குத்தான் போனார்கள். பிறகு யென்னின் மதிப்பு ஏறியது, விமானக் கட்டணம் கட்டுப்படியானது. ஹவாய்க்கும் குவாமுக்கும் போக ஆரம்பித்துவிட்டார்கள். மியாசாகி காற்று வாங்கியது. ஹவாய்க்குப் போகிறவனைத் திருப்பி இழுக்க வேண்டுமென்றால் ஹவாயையே இங்கே கொண்டுவந்துவிடலாம் என்பதுதான் ஓஷன் டோமின் அடிப்படைக் கணக்கு. வருடம் முழுக்கக் கோடைக்காலம்!

1987ல் ஜப்பான் அரசு ஓய்விடங்களை வளர்ப்பதற்கென்று ஒரு சட்டம் போட்டது. ரிசார்ட் கட்டினால் வரிச் சலுகை, எளிதான கடன். நிலமும் பங்கும் வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மியாசாகியில் மாகாண அரசு, நகராட்சி, தனியார் என்று எல்லோரும் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். சீகாயா என்ற பெரிய ரிசார்ட்டின் ஒரு பகுதியாக ஓஷன் டோம் எழும்பியது. மக்கள் வரிப்பணமும் இதில் கலந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டி முடித்துத் திறப்பதற்குள் ஜப்பானின் அந்தப் பொருளாதாரக் குமிழ் உடைந்துவிட்டது. பாவம், கல்யாண மண்டபம் தயார், மாப்பிள்ளையைக் காணோம்!

2000 ஜூலையில் ஜி-8 நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம் கூட மியாசாகியில் நடந்தது. கௌரவத்துக்குக் குறைவில்லை. அடுத்த வருடம் பிப்ரவரியில் கம்பெனி கையை விரித்தது. கடன் 27,000 கோடி யென்னுக்கும் மேல். அமெரிக்காவின் ரிப்பிள்வுட் நிறுவனம் அதை வாங்கிய விலை சுமார் 1,600 கோடி யென். காமர்ஸ் படிக்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். புத்தகத்தில் வருகிற 'நிலையான செலவு' பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. உள்ளே பத்துப் பேர் குளித்தாலும் பத்தாயிரம் பேர் குளித்தாலும் தண்ணீரைச் சூடாக்கத்தான் வேண்டும், அலையை அடிக்கத்தான் வேண்டும்.

2007ல் ஓஷன் டோமை மூடினார்கள். பத்து வருடம் வெறுமனே நின்றது. 2017ல் இடித்துவிட்டார்கள்.

செயற்கை அலை என்ற யோசனை ஜப்பானியர்கள் ஆரம்பித்தது அல்ல. ஜெர்மனியின் பவேரியா மன்னர் இரண்டாம் லுட்விக் 1870களிலேயே லிண்டர்ஹோஃப் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு பொய்க் குகை கட்டி, அதற்குள் குளம் வெட்டி, அலை கிளப்ப ஒரு இயந்திரமும் வைத்துக்கொண்டார். (மன்னர் கடைசியில் பெருங்கடனாளி ஆனார் என்பது உபரித் தகவல்.) புடாபெஸ்ட்டின் கெல்லெர்ட் குளியல் மாளிகையில் 1927ல் அலைக்குளம் வந்தது. இவையெல்லாம் குளிப்பதற்கும் வேடிக்கைக்கும்தான். நம் ஊர் தீம் பார்க் 'வேவ் பூல்' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலகை போட்டு ஏறுகிற மாதிரி அலை வந்தது 1969ல், அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில். டெம்பி என்ற ஊரில் 'பிக் சர்ஃப்'. உயரத் தொட்டியில் தண்ணீரைத் தேக்கி ஒரேயடியாகத் திறந்துவிடுவது, அவ்வளவுதான் தொழில்நுட்பம். 1985ல் பென்சில்வேனியா மாநிலத்தில் அலன்டவுன் என்ற, கடலே இல்லாத ஊரில் குளத்திலேயே ஒரு தொழில்முறைப் போட்டி வைத்தார்கள். உலக சாம்பியன் டாம் கரோல் ஜெயித்தார். ஆனால் அலை சவசவ என்று இருந்ததால் சர்ஃபிங் உலகம் அதை ஒரு தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டது.

ஏன் சவசவ? கடலலை கரையில் பிறப்பதில்லை. ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி எங்கோ புயல் அடிக்கிறது. காற்று தண்ணீரைத் தள்ளித் தள்ளி, நாள் கணக்கில் பயணம் செய்து, ஆழத்தில் சத்தமில்லாமல் வருகிற ஆற்றல், தரை மேடாகிற இடத்தில் தடுக்கி விழுகிறது. அந்த விழுகைதான் சர்ஃபிங். குளத்தில் இத்தனையையும் சில நூறு மீட்டருக்குள் செய்ய வேண்டும். போதாததற்கு அலை சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த அலையைக் கெடுக்கும்.

இந்தச் சிக்கலை ஓரளவு அவிழ்த்தவர் 11 முறை உலக சாம்பியன் ஆன கெல்லி ஸ்லேட்டர். திரவ இயக்கவியல் படித்த ஆடம் ஃபின்சம் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, கலிஃபோர்னியாவின் லெமூர் என்ற விவசாய ஊரில் ஒரு நீளக் குளம். ஓரத்தில் தண்டவாளம். அதில் ஒரு பெரிய இறக்கை தண்ணீருக்குள் ஓடும், அலை அதன் பின்னால் சுருண்டு வரும். 2015 டிசம்பரில் அந்த வீடியோ வெளிவந்தபோது வாயடைத்துப் போனார்கள். 2018 முதல் அங்கே உலகத் தொடர் போட்டிகளும் நடந்தன.

சண்டையும் அங்கேதான் ஆரம்பம். கடலில் அரை மணி நேரப் போட்டியில் ஒருவனுக்கு மூன்று நல்ல அலை வரும், இன்னொருவன் சும்மா மிதந்துகொண்டிருப்பான். குளத்தில் எல்லோருக்கும் ஒரே அலை. நியாயம்தானே? நியாயம்தான். ஆனால் எந்த அலையை எடுப்பது, எதை விடுவது, எங்கே போய்க் காத்திருப்பது என்பதில்தான் பாதி வித்தை. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஜிம்னாஸ்டிக்ஸ். பார்க்க அழகு, பத்தாவது அலையில் கொட்டாவி.

ஒலிம்பிக்கில் சர்ஃபிங்கைச் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தபோது குளத்து யோசனையும் அடிபட்டது. கடைசியில் கடலே ஜெயித்தது. 2021ல் சிபா கடற்கரையில் போட்டி நடந்தபோது, புயல் அலை நன்றாக வருகிறது என்று இறுதிப் போட்டியை ஒரு நாள் முன்னுக்குத் தள்ளினார்கள். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு இப்படியெல்லாம் தேதி மாற்ற முடியுமா!

அதில் தங்கம் வாங்கியவர் பிரேசிலின் இடாலோ ஃபெரைரா. அப்பா மீன் விற்கிறவர். ஐஸ் பெட்டியின் மூடியில் நின்று அலை ஏறக் கற்றுக்கொண்ட ஆள். 2019ல் உலக சர்ஃபிங் விளையாட்டுகள் நடந்தபோது பாஸ்போர்ட் திருடு போய், தாமதமாக வந்து சேர்ந்தார். முதல் சுற்று முடியச் சில நிமிடங்களே பாக்கி. ஜீன்ஸ் அரைக்கால் சட்டையோடு, இரவல் பலகையோடு கடலுக்குள் ஓடினார். அந்தச் சுற்றிலும் ஜெயித்தார், கடைசியில் தங்கமும் வாங்கினார். அது நடந்த ஊர், ஆம், மியாசாகி. கிசாகிஹாமா கடற்கரை. ஓஷன் டோமை இடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அதே இடாலோ 2025 பிப்ரவரியில் குளத்திலும் ஜெயித்தார். இந்த முறை அபுதாபி, ஸ்லேட்டரின் அதே தொழில்நுட்பம், தண்ணீர் மட்டும் உப்புத் தண்ணீர். அங்கேயும் சுற்றிலும் கடல்தான். ஆனால் அந்தக் கடலில் சொல்லிக்கொள்கிற மாதிரி அலை கிடையாது.