அளவு குறித்த அடுப்பு

உஸ்மானிய சுல்தான் சுலைமானின் துணைவியார் ஹுர்ரம் சுல்தான், 1552இல் பைத்துல் முகத்தஸ் நகரில் ஏழைகளுக்கென ஒரு சமையற்கூடத்தை வக்ஃபு செய்தார். ரம்லாவைச் சூழ்ந்த ஊர்களின் வருவாய் அதற்கு எழுதி வைக்கப்பட்டது. மிஸ்கீன்கள் 400 பேர். காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் கஞ்சி. ஆளுக்கு ஓர் அகப்பை, ஒரு ரொட்டி. வெள்ளி இரவுகளிலும் ரமளானிலும் இறைச்சிச் சோறும் குங்குமப்பூ இட்ட இனிப்புச் சோறும் உண்டு.

வக்ஃபுப் பத்திரத்தில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது, நெய், உப்பு, விறகு வரை குறிக்கப்பட்டுள்ள அளவுகளையே. அளவை எழுதாது நல்ல மனத்தை மட்டும் நம்பியிருந்தால், நெருக்கடியில் முதலில் நீர்த்துப் போவது ஏழையின் கஞ்சியன்றோ? (நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சிக்கு இத்தகைய ஏடு எத்தனை ஊர்களில் உண்டு?) தானியத்தில் கல் பொறுக்குவோர்க்கும் தனிக் கூலி வகுக்கப்பட்டிருந்தது.

அக்கூடத்தில் இன்றும் ஏழைகளுக்குச் சமையல் நடைபெறுகிறது.