கரும்புத் தீவில் ஒரு சிற்றூர்

கல்கத்தாவில் வாழும் தமிழ் அன்பர்கள் கிதர்ப்பூர்த் துறைமுகத்தையும் அதனை அடுத்த கார்டன் ரீச் கரையையும் நன்கு அறிவர். ஹூக்ளி நதியின் அக்கரையோரத்தில்தான் முன்னொரு காலத்தில் ஒப்பந்தக் கூலிகளைத் தங்கவைக்கும் டிப்போக்கள் இருந்தன. 1838-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ‘விட்பி’, ‘ஹெஸ்பெரஸ்’ என்னும் இரு கப்பல்கள் இங்கிருந்து புறப்பட்டு, மே மாதம் 5-ஆம் நாள் தென் அமெரிக்கக் கரையிலுள்ள கயானாவை அடைந்தன. மேலைத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் நாட்டு மக்கள் சென்ற வரலாறு அங்ஙனம் தொடங்கியது. அவர்கள் நினைவாக 2011-இல் இத்துறைமுகத்தில் ஒரு நினைவுச் சின்னம் நிறுவப்பட்டுள்ளது.

இங்கிருந்து சென்றவருள் மிகப் பலர் பீகார், ஐக்கிய மாகாணம் முதலிய பகுதிகளைச் சேர்ந்தவர். தமிழர் பெரும்பாலும் சென்னை, புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பலேறினர். அவ்வாறு சென்ற தமிழர் குடியேறிய ஊர்களுள் ஒன்றைப் பற்றியே இங்குக் கூற விழைகிறேன். அதன் பெயர் கபெஸ்தேர். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட குவாதலூப் தீவின் கீழ்க்கரையில் அது அமைந்துள்ளது. பின்புறம் சூஃபிரியேர் என்னும் எரிமலை. முன்புறம் அட்லாண்டிக் மாகடல். மழை மிகுந்த வளமான மண். 1493-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கொலம்பஸ் இத்தீவை அடைந்தார். பிரெஞ்சுக்காரர் குடியேறிய பின்னர் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் கரும்புத் தோட்டங்கள் பெருகின.

1848-இல் பிரெஞ்சு அரசு அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற மக்களுட் பலர், தாம் விலங்கு பூண்டிருந்த தோட்டங்களில் மீண்டும் உழைக்க விரும்பவில்லை. தோட்ட முதலாளிகள் வேறு ஆட்களைத் தேடினர். அவர்களுடைய பார்வை புதுச்சேரியின் மீது விழுந்தது. 1854 டிசம்பர் இறுதியில் ‘ஓரேலி’ என்னும் கப்பல் முந்நூற்றுக்கு மேற்பட்ட இந்தியரைக் குவாதலூப்புக்குக் கொணர்ந்தது. 1861-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சு அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாகப் பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆட்களைத் திரட்ட வழி பிறந்தது. கல்கத்தாவிலிருந்தும் சில கப்பல்கள் அத்தீவுக்குச் சென்றன. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளில் அங்குச் சென்ற இந்தியர் 42,000-க்கும் மேற்பட்டவர்.

ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகள். அதன்பின் ஊர் திரும்பலாம் என்பது வாக்குறுதி. ஆயினும் திரும்பியவர் நான்கில் ஒரு பங்கினருக்கும் குறைவே. நோயாலும் கடும் உழைப்பாலும் மாண்டவர் பல்லாயிரவர். தொழிலாளர் நடத்தப்பட்ட முறை பற்றி எழுந்த புகார்களை முன்னிட்டு, 1888-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இக்குடியேற்றத்தைத் தடை செய்தது. இதனால் தீமையொன்று ஒழிந்தது; எனினும் தாயகத்தோடு இருந்த தொடர்பும் அறுந்தது. புதிதாகத் தமிழ் பேசுவோர் எவரும் அதன்பின் அங்கு வந்திலர்.

எஞ்சி நின்றவர்தம் பிள்ளைகளின் நிலை யாது? பிறந்தது பிரெஞ்சு மண்ணில். ஆயினும் வாக்குரிமை இல்லை. இவ்வநீதியை எதிர்த்தெழுந்தவர் கபெஸ்தேரில் 1863-ஆம் ஆண்டு பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர். இந்தியரின் மக்களை வாக்காளர் பட்டியலிற் சேர்க்க வேண்டுமென்று 1904-இல் அவர் வழக்காடத் தொடங்கினார். அதிகாரிகள் மறுத்தனர். அவர் தளர்ந்தாரில்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1923-இல், பிரெஞ்சு அரசு அவர்களுக்குக் குடியுரிமையை ஒப்புக்கொண்டது. 1952-இல் அவர் மறைந்தார். ஒரு சிற்றூரிலே பிறந்த தனி மனிதர் ஒரு சமூகம் முழுவதற்கும் உரிமை தேடித் தந்தார் என்பது சிறு செய்தியன்று.

இன்று கபெஸ்தேரின் மக்கள்தொகை இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பெரும்பாலோர் ஆப்பிரிக்க வழியினர். அவர்களோடு கலந்தும் அருகருகேயும் இந்திய வழியினர் வாழ்கின்றனர். கரும்போடு வாழையும் இன்று அவ்வூரின் முக்கியப் பயிர். ஊரை அடுத்த ஷான்ஜி என்னுமிடத்தில் இந்துக் கோயிலொன்று உள்ளது. மாரியம்மனை அத்தீவினர் ‘மாலியேமேன்’ என அழைத்து வணங்குகின்றனர். கடற்பயணிகளின் காவலராகக் கருதப்படும் நாகூர் ஆண்டவர் ‘நாகூமிரா’ என்ற பெயரில் அங்கும் போற்றப்படுகிறார். இராமசாமி, முத்துசாமி போன்ற பெயர்கள் இன்று குடும்பப் பெயர்களாக நிலைத்துள்ளன. கப்பலிலிருந்து இறங்கிய பாட்டனாரின் பெயரைப் பிரெஞ்சுப் பதிவேடு அவர் வழிவந்தோர் அனைவர்க்கும் உரியதாக்கிவிட்டது.

ஆயின், பூசையில் தமிழ்ப் பாடல்களைப் பாடுவோருள் அவற்றின் பொருளுணர்ந்தோர் மிகச் சிலரே. அம்மக்களின் பேச்சுமொழி கிரியோல், பள்ளிமொழி பிரெஞ்சு. தமிழ் மறைந்தது ஏன்? எவரும் அதனை வெறுத்தாரல்லர். பல தோட்டங்களில் சிதறி வாழ்ந்தமையாலும், பல மொழியினர் ஒருங்கு உழைத்தமையாலும், தமிழ் கற்பிக்கும் பள்ளியொன்று இன்மையாலும், குழந்தைகளுக்குத் தமிழிற் பேசவேண்டிய தேவையே நாளடைவில் இல்லாதொழிந்தது. வழிபாடு செவிவழியாகவே நின்றது, உரையாடல் நிற்கவில்லை.

லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்கி வாழும் நமக்கும் அவர்கட்கும் வேற்றுமை மிகப் பெரிது. நாம் விரும்பி வந்தோம். விரும்பினால் இரயிலேறிச் சென்னைக்குச் செல்லலாம். ஆயினும் தூரம் ஒன்றினால் மட்டும் மொழி மறைவதில்லை. வீட்டிலே பாட்டியும் பேரனும் எம்மொழியிற் பேசிக்கொள்கின்றனர் என்பதைப் பொறுத்தே அது நிற்பதும் மறைவதும் அமைகின்றன. ஊருக்குக் கடிதம் எழுதவும் வகையற்றிருந்த அம்மக்கள் தம் தெய்வங்களையும் பெயர்களையும் நூற்றெழுபது ஆண்டுகளாகக் காத்துவந்துள்ளனர். எல்லா வாய்ப்பும் பெற்ற நாம், நம் பிள்ளைகளுக்குப் பொருள் விளங்கும் தமிழையும் சேர்த்து அளிப்பது அரிய செயலாகாது.