மின்னலை வென்ற அலை

மாரி தொடங்கும் நாட்களில் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் மத்திய அலை வானொலி கேட்டவர்கள் ஒன்றை நன்கு அறிவார்கள். தொலைவில் மின்னல் வெட்டினாலே பாட்டின் நடுவே கரகரப்பு புகுந்துவிடும். பண்பலைப் பெட்டியோ தெளிவாகப் பாடிக்கொண்டிருக்கும். இந்த வேறுபாட்டின் பின்னால் ஒரு மனிதரின் வெற்றியும் வீழ்ச்சியும் இருக்கின்றன.

கொட்டியாரக் குடாவின் அலைகளை நினைத்துப் பாருங்கள், நேயர்களே. அலைக்கு உயரம் உண்டு. ஒரு நிமிடத்தில் எத்தனை அலைகள் வருகின்றன என்ற கணக்கும் உண்டு. முன்னது வீச்சம், பின்னது மீடிறன். 1925 டிசம்பரில் கொழும்பில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிய காலத்தில் குரல் அலையின் உயரத்திலேயே ஏற்றப்பட்டது. மின்னலும் அந்த உயரத்தையே குலைப்பதால் இரைச்சலைப் பிரிப்பது கடினமாயிற்று.

அமெரிக்கப் பொறியியலாளர் எட்வின் ஆம்ஸ்ட்ரோங் குரலை மீடிறனில் ஏற்றினார். 1933 இல் காப்புரிமையும் பெற்றார். அதைப் பெறும் எளிய பெட்டியில் நடப்பது இதுதான்: கம்பிச்சுருளும் மாறும் கொள்ளளவியும் சேர்ந்து நிலையத்தைத் தெரிவுசெய்கின்றன. நிலையம் 100 மெகாஹேர்ட்ஸ் என்றால், பெட்டி தானே 110.7 மெகாஹேர்ட்ஸ் அலையை உண்டாக்கி அதனுடன் கலக்கிறது. வித்தியாசமான 10.7 மெகாஹேர்ட்ஸ் மட்டும் பெருக்கப்படுகிறது. இந்தக் கலப்பு முறையும் 1918 இல் ஆம்ஸ்ட்ரோங் கண்டதே. அடுத்த சுற்று அலைகளின் உயரத்தை ஒரே மட்டமாக வெட்டுகிறது. மின்னலின் இரைச்சலில் பெரும்பகுதி அங்கே ஒழிகிறது. மீடிறனின் ஏற்ற இறக்கத்தை இறுதிச் சுற்று மீண்டும் குரலாக்குகிறது.

ஆனால் 1945 இல் அமெரிக்க அரசு பண்பலையை 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதிக்கு மாற்றியது. அதுவரை விற்ற பெட்டிகள் பயனற்றுப் போயின. காப்புரிமை வழக்குகள் ஆம்ஸ்ட்ரோங்கின் செல்வத்தையும் மனத்தையும் கரைத்தன. 1954 ஜனவரி 31 அன்று அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவி மரியன் வழக்குகளைத் தொடர்ந்து நடத்தி, 1967 இல் இறுதி வழக்கிலும் வென்றார்.

பண்பலைக்கும் ஓர் எல்லை உண்டு. அது பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், மலைக்கு அப்பால் தடைப்படும். வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலையே கடல் கடக்கும். அதனால்தான் ஜேர்மன் வானொலி திருகோணமலையில் சிற்றலை அஞ்சல் நிலையம் அமைத்திருந்தது. 2013 இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது.

தூரம் சிற்றலைக்கு, தெளிவு பண்பலைக்கு. அந்தத் தெளிவுக்காக ஒருவர் கொடுத்த விலையையும் நாம் மறவாதிருப்போம்.