உறைப் புரதமும் ராமச்சந்திரன் வரைபடமும்

நம் ஆஸ்டின் டவுன்காரர்களுக்கு டாடா இன்ஸ்டிடியூட் என்றால் மல்லேஸ்வரம் பக்கம் மரங்கள் அடர்ந்த ஒரு பெரிய காம்பவுண்டு, அவ்வளவுதான். கொரோனா ஆராய்ச்சிக்கும் அந்தக் காம்பவுண்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த ஜி. என். ராமச்சந்திரன் 1942-இல் அங்கே சேர்ந்தது எலக்ட்ரிகல் படிக்கத்தான். சர் சி. வி. ராமன் விடுவாரா? இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். பிற்பாடு சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எங்கே அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்பதை 1963-இல் ஒரே வரைபடத்தில் அடக்கிவிட்டார். 1971-இல் பெங்களூரிலேயே மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையையும் தொடங்கினார்.

2019-இல் வந்த கொரோனா வைரஸின் உறையிலுள்ள 'ஈ' புரதத்தில் 75 அமினோ அமிலங்கள்தான். ஐந்து புரதங்கள் கூடி நின்று சவ்வில் ஒரு துளை போடும். அத்துளையின் வடிவத்தை அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் மெய் ஹோங் குழுவினர் 2020-இல் கண்டறிந்தார்கள். 2003-இல் பரவிய சார்ஸ் வைரஸில் இதே புரதத்துக்கு 76. ஒன்று விடுபட்டு, மூன்று மாறியிருக்கின்றன. துளை போடும் பகுதியில் மாற்றமே இல்லை! முள் புரதமோ கால்வாசி வேறாகிவிட்டது. மருந்து தேடுகிறவர்கள் இந்தச் சின்னப் புரதத்தின்மேல் கண் வைப்பது அதனால்தான்.

இப்படி எந்தப் புரதத்தின் வடிவம் வெளிவந்தாலும், உலகெங்கும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். அவருக்கு நோபல் பரிசு தராமலே விட்டுவிட்டார்கள். 2001-இல் சென்னையில் காலமானார்.