ஐசிங்கும் பாகும்

ஐரோலியில் நம் குடியிருப்புக் குழந்தைகள் பிறந்தநாள் கேக்கின் மேலுள்ள வெண்பூச்சைத்தான் முதலில் வழித்துண்பர். அதற்குத் தமிழில் பெயர் யாதென ஒரு சிறுமி நம்மை வினவினாள். விடை கூற இயலாமல் நாணினோம்.

ஆங்கிலேயர் அதனை ஐசிங் என்பர். அமெரிக்கர் பெரிதும் வழங்குவது ஃபிராஸ்டிங். முன்னது பனிக்கட்டியைக் குறிக்கும் சொல்லினின்றும், பின்னது உறைபனியைக் குறிக்கும் சொல்லினின்றும் பிறந்தவை. முட்டை வெண்கருவும் பொடித்த சர்க்கரையும் கலந்து பூசினால், காய்ந்தபின் உறைபனி போல் வெளுத்து இறுகும். 1769-இல் எலிசபெத் ராஃபால்டு அம்மையார் வெளியிட்ட சமையல் நூலில் மணவிழாக் கேக்கிற்கு இப்பூச்சு இடும் முறை காணப்படுகிறது.

நம் சமையற்கட்டோ தோற்றத்தை விட்டு அடுப்பின் பதத்தை நோக்கிப் பெயரிட்டது: கம்பிப்பாகு, உருட்டுப்பாகு. மனோகரத்தின்மேல் படிவது வெல்லப்பாகு; சீனிச்சேவின்மேல் வெண்மையாய் உறைவது சீனிப்பாகு. அண்டை வீட்டு மராத்தியரும் பாகினைப் ‘பாக்’ என்றே கூறுவர். சங்கராந்திக்கு எள்ளின்மேல் அதனை முள்முள்ளாக ஏற்றி ஹல்வா செய்வர். வெண்ணெய் குழைத்த இக்காலப் பூச்சைப் பாகென்றால் நம் இல்லத்தரசியர் ஒப்பார். அது அடுப்பேறாதது அன்றோ!

ஆயினும் அச்சிறுமியிடம் ‘பாகுப்பூச்சு’ என்றோம். “சீனிச்சேவில் இருக்குமே, அதுவா மாமா?” என்றாள்.