புறக்கணிக்கத்தக்க வரிகள்

வட்டார வழக்குத் தரவுத்தொகுதி ஒன்றைச் சீர்செய்தபோது நேர்ந்த பிழையே இக்குறிப்பை எழுதத் தூண்டியது. அத்தொகுதி கோனெல்-யூ வடிவில் அமைந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முதலில் ஹேஷ் குறியுடன் தொடங்கும் வரிகள் வரும். வாக்கியத்தின் எண்ணும் முழுப் பாடமும் அவற்றில் இருக்கும். அவற்றைத் தொடர்ந்து, சொல்லுக்கு ஒரு வரியாகப் பத்து நெடுவரிசைகளில் இலக்கணக் குறிப்புகள் அமையும். ஹேஷ் வரிகளில் எண்களும் தேதிகளும் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தன. ஆகவே, அவ்வரிகளை ஒதுக்கி எஞ்சிய மாற்றங்களை மட்டும் காட்டுமாறு கிட் மென்பொருளுக்கு ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனைக் கொடுத்திருந்தேன். முழுப் பாடத்துக்கும் சொல்வரிகளுக்கும் பொருத்தமில்லை என்று சரிபார்ப்பு நிரல் சுட்டிய பிறகே உண்மை புலப்பட்டது. பேச்சாளர் ‘வாரேன்’ என்று சொன்னது பாட வரியில் ‘வருகிறேன்’ எனத் திருத்தப்பட்டிருந்தது. இத்தகைய திருத்தங்கள் பல. எல்லாமே ஹேஷ் வரிகளில் நிகழ்ந்தவை. ஒன்றுகூட என் பார்வைக்கு வரவில்லை.

இங்கே இரு கருவிகள் இணைகின்றன. இரண்டுக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

ரெஜெக்ஸின் தோற்றம் கணிப்பொறிக்கூடத்தில் நிகழ்ந்ததன்று. நரம்பணுக்களின் வலையமைப்பைத் தருக்கக் குறியீடுகளால் விளக்கி மக்கலக்கும் பிட்ஸும் 1943இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அத்தகைய வலையமைப்பு எவ்வகை நிகழ்வுகளை இனங்காண வல்லது என்று தருக்கவியலாளர் ஸ்டீஃபன் கிளீனி 1951இல் ஆராய்ந்தார். அவ்வாய்வு 1956இல் நூற்கட்டுரையாக வெளிவந்தது. அவர் ‘ரெகுலர்’ எனப் பெயரிட்டது அந்நிகழ்வுகளையே. மொழியியல் மாணவர்கள் இவ்வகையை வேறொரு வாயிலாக அறிவர்: சாம்ஸ்கியின் இலக்கணப் படிநிலையில் அடித்தட்டில் நிற்பது இதுவே. 1968இல் கென் தாம்சன் இதனை உரை தேடும் வழிமுறையாக்கினார். அவர் எழுதிய ஈடி என்னும் உரைத்தொகுப்பியில், பொருந்தும் வரிகளை எல்லாம் அச்சிடும் கட்டளை ஒன்று இருந்தது. அது தனி நிரலானபோது, அக்கட்டளையின் எழுத்துகளே சேர்ந்து கிரெப் என்ற பெயராயின. 1973ஆம் ஆண்டு யூனிக்ஸ் கையேட்டில் அது இடம்பெற்றது. ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளின் ஆசிரியர் யார் என்பதை ஆராய்ந்த லீ மக்மேனுக்கு உதவவே கிரெப் பிறந்தது என்று பிரையன் கெர்னிகன் நினைவுகூர்கிறார். அவ்வகையில், அதன் தொடக்கத்திலேயே உரையாய்வுத் தேவையொன்று இருந்தது எனலாம்.

அதே பெல் ஆய்வகத்தில்தான் மற்றக் கருவியும் உருவானது. 1972இல் மார்க் ராச்கைண்ட் எஸ்சிசிஎஸ் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறையை உருவாக்கினார். 1974இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு டிஃப் வந்தது. அதன் வழிமுறையை ஜேம்ஸ் ஹன்ட்டும் டக்ளஸ் மக்கில்ராயும் 1976இல் அறிக்கையாக விளக்கினர். இரு கோப்புகளுக்கும் பொதுவான மிக நீண்ட வரித்தொடரைக் கண்டறிந்தால், அதில் அடங்காதவையே வேறுபாடுகள். 1985இல் லாரி வால் எழுதிய பேட்ச், டிஃப்பின் வெளியீட்டைக்கொண்டே மற்றொருவரின் கோப்பைத் திருத்த வகைசெய்தது. வேறுபாட்டுப் பட்டியல் அதன்பின் வாசிப்பதற்கு மட்டுமன்றிப் பரிமாறிக்கொள்வதற்கும் உரியதாயிற்று. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் இம்மரபின் வாரிசு.

டிஃப்புக்கு எல்லா வரிகளும் சமம். தேதி மாறினாலும் வேறுபாடுதான். வினைமுற்று மாறினாலும் வேறுபாடுதான். மனிதர் வாசிக்கவேண்டுமெனில் வடிகட்ட வேண்டும். டிஃப்பின் வெளியீட்டைக் கிரெப்புக்குள் செலுத்துவது எளிய வழி. ஆனால் சில வரிகள் நீங்கியதும், ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் உள்ள வரிக்கணக்கு பொய்யாகிவிடும்; அப்பட்டியலைப் பேட்ச் ஏற்காது. எனவே வடிகட்டும் பணி டிஃப்புக்குள்ளேயே நுழைந்தது. குனூ டிஃப்பில் நெடுங்காலமாக இருந்த ‘பொருந்தும் வரிகளைப் புறக்கணி’ என்னும் வசதி, 2020 டிசம்பரில் கிட்டின் 2.30 பதிப்பிலும் சேர்ந்தது. இதன் விதி எச்சரிக்கையானது: ஒரு மாற்றத்தில் உள்ள எல்லா வரிகளும் ரெஜெக்ஸுக்குப் பொருந்தினால்தான் அம்மாற்றம் மறையும், ஒரு வரி பொருந்தாவிடினும் முழு மாற்றமும் தெரியும். என் தொகுதியில் திருத்தியவர் பாட வரியை மட்டும் மாற்றிச் சொல்வரிகளைத் தொடாது விட்டதால், அவ்விதியும் காப்பாற்றவில்லை.

ரெஜெக்ஸ் அறிவது வரியின் வடிவத்தை மட்டுமே; அவ்வரி ஆற்றும் பணியை அது அறியாது. தமிழுரையில் இது இருமுனைச் சிக்கல். ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் இடலாம். எகரக் குறி, துணைக்கால் என இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவதை டிஃப் இரண்டாகக் காட்டும்; ஒரு வடிவத்துக்கு எழுதிய ரெஜெக்ஸ் மற்றதற்குப் பொருந்தாது. இவ்வகை வேறுபாட்டை முன்கூட்டியே இயல்பாக்கம் செய்து நீக்குவதே முறை. ‘வாரேன்’, ‘வருகிறேன்’ வேறுபாடோ நீக்கத்தக்கதன்று. தொகுதி உருவாக்கப்பட்டதே அதற்காகத்தான்.

பாடத் திறனாய்வில் இக்கேள்வி பழையது. பொருளை மாற்றும் வேறுபாடுகளையும், எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி போன்ற புறவேறுபாடுகளையும் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் தம் புகழ்பெற்ற கட்டுரையில் பிரித்துக்காட்டினார். ஆயினும் ஒருவருக்குப் புறவேறுபாடாவது இன்னொருவருக்குச் சான்றாகலாம். ஒலியனியலாளருக்கு எழுத்துக்கூட்டலே தரவு. சுவடி ஒப்புநோக்கிய நம் பதிப்பாசிரியர்கள் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தந்ததன் பயனும் இதுவே: தாம் ஏற்காத பாடத்தையும் வாசகர் மதிப்பிட அவர்கள் இடமளித்தனர்.

நற்பேறாக, வடிகட்டி மறைத்தது காட்சியை மட்டுமே. முந்தைய பதிப்புகள் அனைத்தும் கிட்டில் இருந்தன. பேச்சாளர்களின் வடிவங்களை அவற்றிலிருந்து மீட்டு, ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுச் சேர்த்தோம். ஹேஷ் வரிகள் அனைத்தையும் மறைத்த ரெஜெக்ஸ், இப்போது எண், தேதி வரிகளை மட்டும் மறைக்கிறது. அந்த ரெஜெக்ஸையும் தொகுதியோடு சேர்த்துப் பதிப்புக் கட்டுப்பாட்டில் வைத்துவிட்டோம். எதைப் பார்க்கவேண்டாம் என்று நாம் முடிவுசெய்தோம் என்பதும் தரவின் வரலாற்றில் பதிவாகவேண்டியதே. தரவுத்தொகுதிகளோடு பணிபுரியும் நண்பர்கள் தங்கள் வடிகட்டிகளை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன்.