சேர்ந்திருந்தால்...

நேற்று மகளுக்கு இங்கிலீஷ் வீட்டுப்பாடம். 'இஃப்' வாக்கியங்கள். "இஃப் ஹி கம்ஸ்", "இஃப் ஹி கேம்" வரை ஓடிவிட்டது. "இஃப் ஹி ஹாட் கம்" வந்ததும், "நடக்காததுக்கு எதுக்குப்பா கிராமர்?" என்றாள். நம் தமிழ் முதல் இரண்டுக்கும் 'வந்தால்' என்று ஒரே சொல்லில் சமாளித்துவிடும் (நாளை வரப்போகிறவனுக்கும் உள்ளே இறந்தகால 'ந்த்'தான்!). மூன்றாவதற்கு மட்டும் 'வந்திருந்தால்'.

பீருமேட்டில் எங்கள் தாத்தா பேசியதெல்லாம் இந்த மூன்றாவது வகைதான். "தேவிகுளமும் பீருமேடும் தமிழ்நாட்டோட சேர்ந்திருந்தா..."

நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் இவை இரண்டும் உண்டு. 1955ல் பசல் அலி கமிஷன், இங்குள்ள தமிழர்களில் பலர் தோட்டவேலைக்கு வந்துபோகிறவர்கள் என்பதையும் ஒரு காரணமாக்கி மறுத்துவிட்டது. 1956 நவம்பர் 1ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அதே நாளில், அதுவரை சென்னையின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்துக்குப் போனது. (சித்தூர்க்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம், உங்களுடையது பழைய கொச்சி!) இடுக்கி மாவட்டம் பிறந்தது 1972ல்.

முல்லைப் பெரியாறு அணை பீருமேடு தாலுகாவில். 1886ல் போட்ட 999 வருடக் குத்தகை. "சேர்ந்திருந்தா இந்த வழக்கே இருந்திருக்காது" என்பார் தாத்தா. வைகைக்காரர்கள் தலையாட்டுவார்கள். கோட்டயத்துக்காரர்கள்?

வந்துபோகிறவர் என்று கமிஷன் நினைத்த தாத்தா தேயிலைக்காட்டிலேயே மண்ணாகிவிட்டார். போனவன் பேரன் நான்.

மகள் நோட்டில் "இஃப் பீருமேடு ஹாட் ஜாயின்ட் தமிழ்நாடு, வி வுட் ஹேவ்" என்று எழுதிவிட்டு, "அப்புறம் என்னப்பா?" என்கிறாள். இன்னும் நிரப்பவில்லை.